இழைமுனையில் விரியும் ஒளி

பத்தாம் வகுப்பில் ஒளியிழை அலங்கார விளக்கைக் காட்டி முழு அக எதிரொளிப்பை நடத்தினேன். "உள்ளே சிதறாம வர்ற ஒளி வெளியே வந்ததும் ஏன் சார் விரியுது?" என்று ஒரு மாணவி கேட்டாள். முனை சரியாக வெட்டப்படவில்லை என்று சமாளித்தேன். தவறான விடை, நன்கு வெட்டிய முனையிலும் ஒளி கூம்பாகவே விரியும்.

மறுநாள் திருத்திக்கொண்டேன். தொலைத்தொடர்பு ஒற்றைமுறை இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். அதன் முனை ஏறத்தாழ ஒரு புள்ளி ஒளிமூலம். அதைக் குவிலென்சின் முதன்மைக் குவியத்தில் வைத்தால் கதிர்கள் இணையாக வெளியேறும். ஒளியிழை இணையாக்கி இவ்வளவுதான்! எதிர்த்திசையில், இணையான லேசர் கற்றையைக் குவித்து இழைக்குள் செலுத்துவதும் அதுவே.

வகுப்பில் லேசர் தேவையில்லை. அலங்கார விளக்கின் ஓர் இழை, 10 செ.மீ. குவியத்தூர லென்சு, இருட்டறை போதும். திரையை 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்த்தியும் ஒளிவட்டம் அதிகம் பெரிதாகாத லென்சு நிலையைத் தேடச் சொன்னேன். கேள்வி கேட்டவளே அளந்தாள்: 9.8 செ.மீ.