மாடல் காருக்கு மறுபடியும் சாயம் பூசும் முன்

மாடல் கட்டும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, எந்த பிரைமர் நல்லது?" நான் பதிலுக்குக் கேட்பது, "முதல்ல காரைக் கழுவினியா?"

சென்ற மாதம் ஒரு தம்பி, தன் அப்பா இளவயதில் கட்டிய 1/24 அளவு ஸ்கைலைன் காரைக் கொண்டுவந்தான். அந்த கிட் இப்போது கடையில் கிடைப்பதில்லை. அதன் உடல் கெட்டுப்போனால் வேறு உடல் வாங்க வழியில்லை. பழைய சாயத்தை அவனே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்திருந்தான். நல்ல வேளை, அசிட்டோனையோ லேக்கர் தின்னரையோ தொடவில்லை. மாடல் கார்களின் உடல் பெரும்பாலும் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக். அந்த இரண்டும் அதைக் கரைத்துவிடும். டைகாஸ்ட் உலோகக் காருக்கு விற்கும் சாய நீக்கியும் அப்படித்தான். பிரேக் ஆயிலில் ஊறவைக்கும் பழைய வழக்கமும் உண்டு. வீட்டுக்குள் அது வேண்டாம் என்பது என் கருத்து.

சாயம் போனதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த உடல் இன்னும் சுத்தமாகவில்லை. கரைந்த சாயம் மெல்லிய படலமாக எங்கும் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், உடல் வளைந்துவிடும். கண்ணாடியைத் தாங்கும் மெல்லிய தூண்களைப் பிடித்து அழுத்தவும் வேண்டாம். ஆல்கஹாலில் ஊறிய பிறகு அவை பட்டென்று உடையலாம். கழுவியதும் ஒரு நாள் காயவிடுங்கள்.

காய்ந்த பிறகு ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கிரில் மூலையிலும், கதவுக் கோட்டிலும், பேட்ஜைச் சுற்றியும் பழைய சாயம் ஒளிந்திருப்பது தெரியும். ஒரு பல்குச்சியை ஆல்கஹாலில் நனைத்துச் சுரண்டினால் வந்துவிடும்.

அந்தத் தம்பியின் காரில் நான் அதிக நேரம் செலவிட்டது கதவுக் கோடுகளில்தான். முதலில் பூசிய சாயம் தடிமனாக இருந்தால் கோடு பாதி அடைபட்டிருக்கும். அதன் மேல் பிரைமர், நிறம், கிளியர் என்று மூன்று அடுக்கு வரும்போது கதவும் பானெட்டும் ஒன்றாக ஒட்டிய மாதிரி தெரியும். அதனால் பிரைமருக்கு முன்பே, பிளேடின் முனையைத் திருப்பி, கூர் இல்லாத பக்கத்தால் அந்தக் கோட்டில் மெதுவாக மூன்று நான்கு முறை இழுத்துக் கொடுங்கள். ஒரே இழுப்பில் ஆழப்படுத்தப் பார்த்தால் பிளேடு வழுக்கிப் பக்கத்தில் கீறிவிடும். அவன் கை நடுங்கியதால் கோட்டின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுத்தேன், அது வேலி மாதிரி நின்றது.

அடுத்தது அச்சுக் கோடுகள். வார்ப்பின் இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக்கில் மெல்லிய வரப்பு வந்துவிடும். மட்கார்டின் மேலும் கூரைத் தூண்களிலும் அதைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்துக்குத் தெரியும். 600 சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்துவிட்டு, 1000-ஐ வைத்து முடியுங்கள். பேட்ஜின் மேல் மட்டும் டேப்பை ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை தேய்ந்துபோனால் திரும்ப வராது. பள்ளம் இருந்தால் பட்டி வைக்கலாம். ஆனால் பட்டி காயும்போது சுருங்கும், ஒரே முறையில் நிறைய வைக்காதீர்கள்.

தம்பி ஆசைப்பட்டது வெள்ளை நிறம். ஆனால் பிளாஸ்டிக்கோ சிவப்பு. இது ஒரு சிக்கல்: சிவப்புச் சாயப்பொருள் கசிந்து வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடக்கூடும். முதலில் வெள்ளிநிறம் ஒரு மெல்லிய அடுக்கு பூசினால் பெரும்பாலும் அது தடுத்துவிடும். அவன் முகம் சுருங்கிவிட்டது, இன்னும் ஒரு நாள் காத்திருக்கணுமே என்று.

தேய்த்து முடித்ததும் மறுபடி கழுவுங்கள், தூள் ஒட்டியிருக்கும். அதன்பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் சாயத்தை விலக்கும். காலி மினரல் வாட்டர் பாட்டிலின் தலையில் இருபக்க டேப் ஒட்டி, கூரையின் உட்பக்கத்தை அதில் பொருத்தினால் கை படாமல் திருப்பித் திருப்பிப் பூசலாம்.

நம் ஊர் மழை மாலையில் ஸ்பிரே அடிக்க வேண்டாம். லேக்கர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும், பளபளப்பு போய் வெண்மூட்டமாகிவிடும். வெயில் காய்ந்த காலை நேரம் நல்லது. ஜன்னலைத் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் மெல்லிய அடுக்குகளாக அடியுங்கள். சாம்பல் நிற பிரைமர் எதையும் மறைக்காது, மாறாக எங்கே கீறல் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். கீறல் தெரிந்தால் 1000-ல் தேய்த்து அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடியுங்கள்.

ஸ்கைலைன் இப்போது சாம்பல் நிறத்தில் என் அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளியையும் வெள்ளையையும் எப்படிப் பூசினோம் என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.