உயிர் அமானிதம்: தடுக்கிறவர் தாங்கவும் வேண்டும்



இம்முறை பாடத்திற்கு இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, தாயின் வயிற்றிலிருக்கும் சிசுவை அழிப்பது. மற்றொன்று, தீராத நோயில் கிடப்பவர் தம் உயிரை முடித்துக்கொள்ள வைத்தியர் உதவுவது. முன்னது வாழ்வின் தலைவாசல். பின்னது அதன் கொல்லைவாசல். இரண்டு வாசலிலும் எழும் கேள்வி ஒன்றே: இந்த உயிர் யாருடையது?

நான் ஆலிம் அல்லன், கடை வைத்திருப்பவன். மதரஸாவில் ஓதியதையும், பெரியவர்களிடம் கேட்டதையும், படித்தறிந்ததையும் வரிசைப்படுத்தித் தருகிறேன். ஃபத்வா கொடுப்பது ஆலிம்களின் வேலை. அவர்களிடம் போய் முறையாகக் கேட்பதற்கு வேண்டிய விவரத்தைத் தெரிந்துகொள்வது நம் வேலை.

1. அமானிதம் என்பது யாது?

ஊருக்குப் புறப்படுகிற ஒருவர் தம் பெட்டியை நம் கடையில் வைத்து, "திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். பெட்டி நம் அலமாரியில்தான் இருக்கிறது. இடத்தை அடைக்கிறது, சில நாள் தொந்தரவாகவும் இருக்கிறது. ஆயினும் அதை விற்கவோ வீசவோ நமக்கு உரிமை இல்லை. நம் பேரேட்டில் அது சரக்காக ஏறாது. உடையவர் எந்த நாளில் வருவார் என்பதும் நம் கையில் இல்லை.

உயிரும் இப்படியே. அல்லாஹுத்தஆலா தந்தான், அவனே எடுப்பான். நடுவில் நாம் காவற்காரர்கள். ஓர் உயிரைக் கொல்வதன் கனத்தையும், ஓர் உயிரைக் காப்பதன் சிறப்பையும் மனித குலம் முழுமைக்கும் ஈடாக வைத்துப் பேசுகிறது திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், 32-ம் வசனம்.

"இது என் உடம்பு, என் இஷ்டம்" என்று இக்காலத்தில் சிலர் சொல்கிறார்கள். அவர்களை ஏளனம் செய்ய வேண்டாம். கைகொடுக்க ஒருவரும் இல்லாதபோது பலருடைய வாயிலிருந்து வருகிற சொல் அது. இதைப் பின்னால் பார்ப்போம்.

2. கர்ப்பத்திலுள்ள சிசு

பிறவாத பிள்ளையை நம் மார்க்கம் ஓர் ஆளாகவே எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறது. தகப்பன் மவுத்தாகி, தாய் கர்ப்பிணியாக இருந்தால், வயிற்றுப் பிள்ளைக்கும் சொத்தில் பங்கு ஒதுக்கி வைக்கவேண்டும். பிள்ளைக்குத் தீங்கு வருமென்று அஞ்சும் கர்ப்பிணி, ரமலான் நோன்பை விட்டுப் பிறகு நோற்கலாம். ஹுதைல் கூட்டத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவளின் வயிற்றுப் பிள்ளை இறந்தபோது, அந்தச் சிசுவுக்கென்று தனியாக ஈடு கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அது வெறும் சதைப்பிண்டமாயின் ஈடு எதற்கு?

120-ம் நாளில் ரூஹ் ஊதப்படுகிறது என்பது ஹதீஸின் விளக்கம். அதற்குப் பிறகு கருவைக் கலைப்பது ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. அதற்கு முன்னால் எப்படி என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. மாலிகி இமாம்களில் பெரும்பாலோர் தொடக்கத்திலிருந்தே கூடாது என்றார்கள். ஹனஃபி இமாம்களில் சிலர், தக்க காரணம் இருந்தால் இடம் கொடுத்தார்கள். ஷாஃபிஈ இமாம்களுக்குள்ளும் இரு கருத்து உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், கரு தரித்தது முதலே அதைக் கெடுப்பது குற்றம் என்றும், கரு வளர வளரக் குற்றமும் வளர்கிறது என்றும் விளக்குகிறார்கள். ஆகவே 120 நாளுக்கு முன்னால் கதவு திறந்து கிடக்கிறது என்று எண்ணுவது தவறு. காரணம் இல்லாமல் அந்தக் கதவைத் தட்டலாகாது.

தாயின் உயிருக்கே ஆபத்து என்று நம்பிக்கையான வைத்தியர்கள் உறுதி சொன்னால் என்ன செய்வது? தாயைக் காப்பாற்றவேண்டும். 120 நாளுக்குப் பின்னும் இதற்கு இடம் உண்டு என்பது இக்கால உலமாக்களின் முடிவு. வேரைக் காக்கக் கிளையை இழப்பது போன்றது இது. "உயிரைக் காப்போம்" என்று சொல்லிக்கொண்டே தாயைச் சாகவிடுவது மார்க்கம் ஆகாது. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணின் விஷயத்தில், 120 நாளுக்கு முன்னால் அனுமதி கொடுத்த உலமாக்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெண்ணை விரட்டாமல், நாள் கடத்தாமல், விஷயமறிந்த ஆலிமிடமும் வைத்தியரிடமும் அழைத்துச் செல்வது குடும்பத்தாரின் கடமை.

3. சட்டத்தின் கணக்கும் ஷரீஅத்தின் கணக்கும்

சிங்கப்பூரில் கருக்கலைப்புச் சட்டம் 1969-ல் நிறைவேறி 1970-ல் அமலுக்கு வந்தது. 1974-ல் இன்னும் தளர்த்தப்பட்டது. பெண்ணின் சம்மதத்தோடு 24 வாரம் வரை கலைக்க அது இடம் தருகிறது. அதற்குமுன் ஆலோசகரைப் பார்த்து, 48 மணி நேரமாவது பொறுத்திருக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. மலேசியாவில் குற்றவியல் சட்டம் இதைக் குற்றமாகவே வைத்து, தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ கேடு வருமானால் வைத்தியர் செய்யலாம் என்று 1989-ல் திருத்தப்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 120 நாள் என்பது ஏறக்குறைய 17 வாரம். ஆனால் அது கரு தரித்த நாளிலிருந்து எண்ணுவது. வைத்தியர்களோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அது இரண்டு வாரம் கூடுதல். ஆகவே டாக்டர் சீட்டில் "19 வாரம்" என்றிருந்தால் 120 நாள் ஆகிவிட்டது என்று பொருள். சட்டத்தின் 24 வாரத்துக்கும் இதற்கும் ஐந்து வாரம் இடைவெளி. சட்டம் தண்டிக்காது என்பதால் மார்க்கம் அனுமதித்தது என்று ஆகிவிடாது.

இன்னொன்று. பிள்ளையின் உறுப்புகளைச் சோதிக்கும் பெரிய ஸ்கேன், டாக்டர் கணக்கில் 18-லிருந்து 22 வாரத்துக்குள் எடுப்பது வழக்கம். குறை இருப்பது அதில் தெரியவரும்போது அநேகமாக 120 நாள் நெருங்கியிருக்கும், அல்லது கடந்திருக்கும். 1990-ல் மக்காவில் கூடிய ஃபிக்ஹு சபை, சிசுவுக்குத் தீர்க்கமுடியாத கடுமையான குறை இருப்பதாக நம்பிக்கையான வைத்தியர் குழு உறுதிப்படுத்தினால், 120 நாளுக்கு முன்னால் மட்டும் பெற்றோரின் விருப்பத்தின்பேரில் கலைக்க இடம் கொடுத்தது. பின்னால் தாயின் உயிருக்கு ஆபத்து வந்தாலன்றி இல்லை என்றது. ஆகவே சந்தேகம் உள்ள குடும்பத்தார் 11-லிருந்து 14 வாரத்துக்குள் செய்யப்படும் முதற்பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்து, அப்போதே வைத்தியரையும் ஆலிமையும் கேட்டுக்கொள்வது நல்லது.

4. நோய்ப்படுக்கை

நிற்க. இனிக் கொல்லைவாசலுக்கு வருவோம்.

நெதர்லாந்து 2002-லும், கனடா 2016-லும், நியூசிலாந்து 2021-லும் வைத்தியர் உதவியோடு சாவதைச் சட்டமாக்கின. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019-ல் அது அமலுக்கு வந்தது. பிரிட்டிஷ் பார்லிமெண்டின் கீழ்ச்சபையில் 2025 ஜூன் மாதம் இப்படிப்பட்ட மசோதா 314-க்கு 291 வாக்கில் நிறைவேறியது. கனடாவில் முதலில், மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2021-ல் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். 2023-ல் மட்டும் 15,343 பேர் அங்கே இவ்வழியில் உயிர் விட்டார்கள். நூறு மரணத்தில் ஏறக்குறைய ஐந்து.

இதை ஆதரிப்போர் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். "நோவு தாங்காமல் துடிப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பதா?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லுமுன் மூன்று காரியங்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கொல்வது. விஷ ஊசி போடுவதும், சாவதற்கென்றே மருந்து எடுத்துக் கொடுப்பதும் இதில் சேரும். நோயாளியே கேட்டாலும் இது ஹராம். காயத்தின் வேதனை பொறுக்காமல் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு இறந்த மனிதனைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பயனற்ற சிகிச்சையை நிறுத்துவது. இது கொலையாகாது. மூளை முற்றிலும் செயலற்றது என்று வைத்தியர்கள் உறுதி செய்தால் இயந்திரத்தை அகற்றலாம் என்று 1986-ல் அம்மானில் கூடிய ஃபிக்ஹு அகாடமி முடிவு செய்தது. சிங்கப்பூரில் 1996-ல் இயற்றிய முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டமும், மரணத்தறுவாயில் உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாமென்று முன்னதாக எழுதிவைக்க வழி செய்தது. அதே சட்டம் கருணைக் கொலைக்கு இடமில்லை என்றும் சொல்லியிருக்கிறது. பெட்டியை உடையவர் எடுக்க வரும்போது கதவை அடைத்துக்கொண்டு நிற்பதும் அமானிதத்துக்கு அழகல்ல.

மூன்றாவது, நோவைத் தணிப்பது. மார்ஃபின் போன்ற மருந்தை வைத்தியர் அளவறிந்து நோவுக்காகக் கொடுப்பது சிகிச்சையே. அதைக் கேட்பது ஈமான் குறைவு என்று சிலர் எண்ணிக்கொண்டு, பெற்றோரை வீணாக வேதனையில் கிடத்துகிறார்கள். அது பிழை.

5. வேதனை மட்டுமா காரணம்?

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 1997 முதல் இதை நடைமுறையில் வைத்திருக்கிறது. சாவுக்கான மருந்தைக் கேட்டு வாங்கியவர்கள் சொன்ன காரணங்களை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் முன்னால் நிற்பவை: தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியவில்லை, வாழ்வில் இன்பம் போய்விட்டது, மரியாதை குறைந்துவிட்டது. நோவைக் காரணம் சொன்னவர்களைவிட, "குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன்" என்றவர்களே அதிகம்.

இது நமக்குப் பெரிய பாடம். நோவுக்கு மருந்து உண்டு. 'நான் பாரம்' என்ற எண்ணத்துக்கு மருந்து பக்கத்தில் உட்காரும் மனிதர்தான். கருவைக் கலைக்கப் போகிற பெண்ணின் கதையும் பல வேளை இதுவே. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று திருமறை தடுக்கும் இடத்தில், உணவளிக்கும் பொறுப்பையும் அல்லாஹ் உடனே ஏற்றுக்கொள்கிறான். தடுப்பும் தாங்குதலும் சேர்ந்தே வருகின்றன. நாமோ "ஹராம்" என்ற பாதியை எடுத்துக்கொண்டு, தாங்குகிற பாதியை விட்டுவிடுகிறோம்.

கல்யாணமாகாத மகள் கர்ப்பமானால் வீட்டில் நடப்பது என்ன? மானம் போய்விடுமென்று பெற்றோரே அவளை இரகசியமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற வீடுகள் உண்டு. தவறு செய்து கர்ப்பமாகி, தானே வந்து ஒப்புக்கொண்ட பெண்ணின் விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் செய்ததை எண்ணிப் பாருங்கள். பிள்ளை பிறக்கும்வரை எந்தத் தண்டனையும் இல்லை. அதுவரை அவளை நல்லவிதமாக நடத்தும்படி அவளுடைய பொறுப்பாளருக்குக் கட்டளையிட்டார்கள். பாவம் யாருடையதாயினும் பிள்ளை பாவமற்றது. ஊர்வாயை அடக்காமல், கருவை மட்டும் காப்பாற்று என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

6. செய்யவேண்டியவை

ஒன்று: குறையுள்ள பிள்ளையைப் பெற்ற வீட்டுக்கு "ஸபர் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். வாரம் ஒரு நாள் அந்தத் தாய்க்கு ஓய்வு கிடைக்க வழி செய்யுங்கள். பிள்ளைப்பேற்றுச் செலவுக்குத் தவிக்கும் குடும்பம் ஏழையாயின் ஸக்காத்தில் உரிமையுள்ளது. வெட்கப்பட்டு வாய் திறவாதவரை நாமே தேடிப்போக வேண்டும்.

இரண்டு: மரணத்தறுவாயிலுள்ளோரின் பராமரிப்புக்கு, 1967-ல் லண்டனில் சிஸிலி ஸாண்டர்ஸ் என்ற அம்மையார் நிறுவிய நிலையம் வழிகாட்டியது. சிங்கப்பூரில் 1989 முதல் எச்.ஸி.ஏ. ஹாஸ்பிஸும், கோலாலம்பூரில் 1991 முதல் ஹாஸ்பிஸ் மலேசியாவும் நோயாளியின் வீட்டுக்கே தாதியரை அனுப்பி இலவசமாகக் கவனிக்கின்றன. இன மத வேற்றுமை பார்ப்பதில்லை. இதை அறியாமலே பல குடும்பங்கள் தனியாகத் தவிக்கின்றன.

மூன்று: உயிரை வெறுத்துப் பேசுகிறவரிடம் உடனே நரகத்தைச் சொல்லி அதட்ட வேண்டாம். முதலில் உட்கார்ந்து கேளுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டத்தைச் சிங்கப்பூர் 2020-லும் மலேசியா 2023-லும் நீக்கின. உதவி தேடுவோர் அஞ்சாமல் வரட்டும் என்பதே நோக்கம். சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணில் இரவும் பகலும் ஆள் இருக்கிறார்கள்.

கலந்து பேச மூன்று வினாக்கள்

அ. நம் தெருவில் நெடுநாள் படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர்? கடைசியாக யார், எப்போது போய்ப் பார்த்தோம்?

ஆ. கஷ்டத்திலிருக்கும் கர்ப்பிணி ஒருத்தி நம் சங்கத்தை நம்பி வரமுடியுமா? வந்தால் யாரிடம் பேசுவாள்?

இ. டாக்டர் கணக்கில் 16 வாரம் என்றால், கரு தரித்து எத்தனை நாள்?

மூன்றாவது வினாவுக்கு விடையை எல்லோரும் கண்டுபிடித்துவிடலாம்: ஏறக்குறைய 98 நாள். முதலிரண்டுக்கும் விடை நம் கால்நடையில்தான் இருக்கிறது. அமானிதத்தை ஒப்படைக்கும் நாளில், நம்முடையதை மட்டுமல்ல, பக்கத்து வீட்டாரின் பெட்டி சரிந்தபோது நாம் கைகொடுத்தோமா என்பதையும் கேட்பான். வல்ல அல்லாஹ் நமக்கு அந்தத் தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக. ஆமீன்.