ஆடிட் என்றால் டிக் அடிப்பதா?

“ஆடிட்டா? அவங்களே எழுதி அவங்களே டிக் அடிச்சுக்குவாங்க.” காவேரிப்பாக்கத்தில் கேட்டாலும் நெமிலியில் கேட்டாலும் வரும் பதில் இதுதான். இதில் பாதி தப்பு, பாதி சரி.

பேரூராட்சியின் கணக்கைப் பேரூராட்சி ஊழியர்கள் தணிக்கை செய்வதில்லை. நிதித் துறையின் கீழுள்ள உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை செய்கிறது. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளின் கதை வேறு. அங்கே கணக்கைப் புரட்டுபவர் தணிக்கைப் பிரிவுத் துணை பி.டி.ஓ. திட்டத்தை நடத்துகிற அதே ஊரக வளர்ச்சித் துறையின் ஆள். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். கையில் இருப்பது சக அலுவலர் கையெழுத்திட்ட கோப்புதானே! இந்த இடத்தில் மக்களின் சந்தேகம் நியாயமானது.

சி.ஏ.ஜி. அறிக்கை வந்துவிட்டால் திருட்டு நிரூபணம்?

இல்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே முறையில்தான் நீக்க முடியும். அவ்வளவு பாதுகாப்பு உள்ள அவராலும் யாரையும் கைது செய்ய முடியாது. அறிக்கை நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ போகும், பிறகு பொதுக் கணக்குக் குழு துறைகளிடம் விளக்கம் கேட்கும். 2ஜி விவகாரத்தில் 2010-ல் ஊரெங்கும் பேசப்பட்ட 1.76 லட்சம் கோடி ரூபாய், தணிக்கை போட்ட அனுமான இழப்புக் கணக்கு. 2017 டிசம்பர் 21-ல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. தணிக்கை கேள்வி எழுப்பும். குற்றத்தை நிரூபிப்பது வேறொருவர் வேலை.

பில் சரியாக இருந்தால் வேலையும் சரி?

மிக ஆபத்தான நம்பிக்கை இதுதான். சாலை போட்டால் பொறியாளர் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் எழுதுவார். அதை வைத்துத்தான் பில். தணிக்கையாளர் கூட்டிப் பெருக்கி, கையெழுத்தும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். நீளத்தை யார் வேண்டுமானாலும் நடந்தே அளந்துவிடலாம். கனம் தார் போட்ட அன்று நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். ஒப்பந்ததாரர் கைவைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

அதனால்தான் செலவுக் கணக்கோடு நிற்காமல், செலவுக்குப் பலன் கிடைத்ததா என்று கேட்கும் செயல்திறன் தணிக்கை வந்தது. அதன் அருமை தோல் தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதிக்குப் புரியும். 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் கழிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டதாகப் பதிவாகியிருந்தது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், மானியங்கள், ஆய்வுகள். காகிதத்தில் எல்லாம் நடந்தன. ஆனாலும் 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துச் சுற்றுச்சூழல் தணிக்கை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. நிலையம் கட்ட எவ்வளவு ஆனது என்பதற்கு ரசீது உண்டு. பாலாற்று நீரில் இன்று என்ன கலந்திருக்கிறது என்பதற்கு ரசீது கிடையாது, ஆளை அனுப்பி நீரை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

தணிக்கை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது?

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்கின்றன அவை. ரொம்பவும் மார்தட்ட வேண்டாம். அந்தச் சபையில் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே இடம். விதி மட்டும் இன்றும் பொறாமைப்பட வைக்கிறது.

நமக்கெல்லாம் காட்டமாட்டார்கள்?

காட்டியாக வேண்டும். ஊராட்சியின் தணிக்கை அறிக்கை கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டியது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே கேளுங்கள். பேரூராட்சிக்காரர்கள் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். “தணிக்கை அறிக்கை” என்று மொட்டையாகக் கேட்காமல், எந்த ஆண்டு, எந்தப் பணி, தணிக்கைத் தடைக்கு (தணிக்கையாளரின் ஆட்சேபத்துக்கு) அலுவலகம் எழுதிய பதில் என்ன, எம்-புக் நகல் எங்கே என்று குறிப்பாகக் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் காகிதத்தோடு நிற்கவில்லை: பணியை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றளித்துப் பெறவும் அதில் உங்களுக்கு உரிமை இருக்கிறது.