ஒருவரும் சபிக்காத குற்றம்

அன்புள்ள பெறாமகளுக்கு,

மகாபாரதத் தொடரில் கர்ணனின் தேர்ச்சில்லு புதைந்த கட்டத்தில் நீ அழுதுவிட்டாய் என்றும், பள்ளிக்கூடக் கட்டுரைக்கு அவனையே எடுத்திருக்கிறாய் என்றும் அக்கா சொன்னா. நல்லவனுக்கு ஏன் இத்தனை சாபம் என்று என்னிடம் கேட்கச் சொன்னாயாம்.

1964இல் பந்துலுவின் ‘கர்ணன்’ படத்தில் சிவாஜி எங்கள் பெற்றோரை அழவைத்தார். 2013இல் விஜய் டிவி தமிழில் தந்த தொடரில் அகம் சர்மா உங்கள் வயதுக்காரரை அழவைத்தார். அழு, பிழையில்லை. ஆனால் கட்டுரை எழுதும்போது கண்ணைத் துடைத்துவிட்டு எழுது.

முதலில் சாபங்களைப் பார். பிரம்மாஸ்திரத்தைக் கற்பிக்கத் துரோணர் மறுத்ததால்தான் அவன் பிராமணன் என்று பொய் சொல்லிப் பரசுராமரிடம் போனான். மடியில் குரு தலைவைத்து உறங்க, வண்டு தொடையைத் துளைத்தது. குருவின் தூக்கம் கலையக்கூடாதென்று அசையாமல் இருந்தான். இரத்தம் பட்டு விழித்தவர், அந்தப் பொறுமை ஒரு பிராமணனுக்கு வராது என்றே பொய்யைப் பிடித்தார். வேண்டிய வேளையில் அஸ்திரம் மறக்கும் என்று சபித்தார். பொய்க்குத் தண்டனை கிடைத்தது. கதவைச் சாத்திய துரோணருக்குக் கிடைக்கவில்லை. மற்றது, தெரியாமல் கொன்ற பசுவுக்காக, நீ பார்த்த சில்லு புதையும்படி ஓர் அந்தணர் இட்ட சாபம். கர்ணன் தானே போய் ஒப்புக்கொண்டு ஈடு கொடுக்கவும் முன்வந்தான். அவர் ஏற்கவில்லை.

ஆயுத அரங்கேற்றத்தில் கிருபர் அவன் குலத்தைக் கேட்டாரே, அந்தக் கேள்வி உனக்குப் புதிதல்ல. அனலைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வள்ளம் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் கேட்பார்: “ஆற்றை பிள்ளை நீ?” பலவேளை அது அன்பு. சிலவேளை அளவுகோல். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சாதியைச் சொல்லி மனிதரை மறித்து நின்றதும் அந்த அளவுகோல்தான். ஆகவே கர்ணனின் காயம் உண்மையானது. அதை எழுது.

ஆனால் சூதாட்ட மண்டபத்துக்கும் வா. திரௌபதியைப் பொதுமகள் என்றவனும், அவள் ஆடையைக் களையச் சொன்னவனும் வியாசர் பாரதத்தில் கர்ணன்தான். அதற்கு அவனை ஒருவரும் சபிக்கவில்லை! பசுவுக்குச் சாபம், பொய்க்குச் சாபம். ஒரு பெண்ணைச் சபையில் இழிவுசெய்ததற்கு ஒன்றுமில்லை. அவமானத்தின் வலி தெரிந்தவனே அதை இன்னொருத்திக்குச் செய்தான். அவனை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால்தான் இந்த இடம் இவ்வளவு நோகிறது. சாகும்போதும் புண்ணியத்தைத் தாரைவார்க்கும் வள்ளலாக வில்லிபுத்தூரார் அவனைப் பாடினார். நாங்களும் அந்தக் கர்ணனையே மனதில் வைத்துக்கொண்டோம்.

உத்தியோக பருவத்தைத் தேடி வாசி. குந்தியின் மூத்த மகன் நீ என்று பிறப்பின் இரகசியத்தைச் சொல்லி, அரசு உனக்கே என்கிறான் கண்ணன். பாலூட்டிய ராதையை விட்டு வரமாட்டேன், துரியோதனனைக் கைவிடமாட்டேன் என்கிறான் கர்ணன். கூடவே, துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவரிடம் கடுஞ்சொல் பேசியதற்கு வருந்துகிறேன் என்றும் சொல்கிறான். யாரும் வற்புறுத்தவில்லை, தானாகவே சொல்கிறான். பிழை என்று தெரிந்தும் அதே பக்கத்தில் போருக்குப் போகிறான். பதினேழாம் நாள் சில்லு புதைந்தபோது அவன் தர்மத்தைச் சொல்லி அவகாசம் கேட்க, அன்று சபையில் உன் தர்மம் எங்கே போனது என்கிறான் கண்ணன். கர்ணனிடம் பதில் இல்லை.

கர்ணன் நல்லவனா கெட்டவனா என்று ரீச்சர் கேட்டால் ஒன்றைத் தெரிந்தெடுக்க அவசரப்படாதே. கட்டுரையை எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. நீளம் கூடினால் போர்க்களத்தைச் சுருக்கு, சபையில் அவன் சொன்னதை வெட்டாதே.

அன்புடன்,
சின்னம்மா