அந்தரத்தில் விடாதே

அன்புள்ள தம்பி மகனுக்கு,

நேற்று லுஹர் முடிந்து வெளியே வந்தபோது உன் மாமனார் பள்ளிவாசல் படியில் நின்றிருந்தார். சலாம் சொன்னார், செருப்பைத் தேடுகிறவர் போலக் கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். ஏதாவது கேட்டிருந்தால் பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

உன் மனைவி தாய்வீட்டுக்குப் போய் 14 மாதம் ஆகிறது. நீ அழைத்து வரவும் இல்லை, தலாக்கும் சொல்லவில்லை. போனில் கேட்டால், "நான் என்ன அடிச்சேனா, வெரட்டினேனா?" என்கிறாய். முத்தலாக் சொன்னால்தான் ஜெயில், சும்மா இருந்தால் யாரும் கேட்க முடியாது என்று எந்தக் கூட்டாளி சொல்லிக்கொடுத்தானோ. 2019ஆம் வருடச் சட்டம் தடுப்பது ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற முத்தலாக்கை. சுத்தமான காலத்தில் ஒரு தலாக் சொல்லி, இத்தா என்கிற காத்திருப்புக் காலம் முடிகிற வரை மனம் மாற இடம் விடும் முறையை அது தொடவில்லை. சட்டத்துக்குப் பயந்து சும்மா இருப்பதாக என்னிடம் சொல்லாதே.

அடிக்கவில்லை என்பது ஒரு பெருமையா? அறியாமைக் காலத்து ஆண்கள் தலாக் சொல்வார்கள், இத்தா முடியப்போகும் நேரம் மீட்டுக்கொள்வார்கள், மறுபடியும் தலாக் சொல்வார்கள். அவளுக்கு வாழ்வும் இல்லை, விடுதலையும் இல்லை. துன்புறுத்துவதற்காகப் பிடித்து வைக்காதீர்கள் என்று பகரா சூரா தடுத்தது இதைத்தான். மனைவியை நெருங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவனுக்கே நான்கு மாதம்தான் கெடு. நிஸா சூராவில், மனைவியை அந்தரத்தில் தொங்குகிறவள் போல் விடாதே என்று வருகிறது. பல மனைவியர் உள்ளவனுக்குச் சொன்னது. ஒரே மனைவி உள்ள உனக்கும் அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது.

நம் ஹனஃபி வழியில் பெண் விடுதலை கேட்கும் வாசல் மிகவும் குறுகல். வெள்ளைக்காரன் காலத்தில், நிக்காஹ் முறிய வேறு வழி இல்லாமல் சில பெண்கள் மார்க்கத்தையே விட்டார்கள். அந்தச் சேதி ஆலிம்களை உலுக்கியது. அஷ்ரஃப் அலி தானவி மாலிக்கி மத்ஹபில் இருந்து தீர்வு எடுத்து 1931இல் கிதாபு எழுதினார். 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் புருஷன் செலவுக்குக் கொடுக்காவிட்டால் அவள் கோர்ட்டில் நிக்காஹை முறித்துக்கொள்ளலாம். உன் கணக்கில் இன்னும் பத்து மாதம். செலவு கேட்டு வழக்குப் போட அவள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

நானும் யோக்கியன் இல்லை. ஜமாஅத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு பெண் குல்உ கேட்டு, அதாவது புருஷனிடமிருந்து விடுதலை கேட்டு வந்தாள். அடிக்கிறானா, குடிக்கிறானா, வேறு தொடுப்பு உண்டா என்று கேட்டோம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். பொறுத்துப் போம்மா என்று அனுப்பிவிட்டோம். ஸாபித் இப்னு கைஸின் மனைவி, அவரிடம் குணக்குறையோ மார்க்கக்குறையோ இல்லை, சேர்ந்து வாழத்தான் முடியவில்லை என்று வந்து நின்றபோது, மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பாயா என்றுதான் நபியவர்கள் கேட்டார்கள் என்று புகாரியில் இருக்கிறது. அதை ஓதியவர்கள்தான் அன்று அங்கே உட்கார்ந்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வா. அவள் பக்கம் ஒருவர், நம் பக்கம் ஒருவர் உட்காரட்டும். நம் பக்கம் நான் வேண்டாம், உன்மேல் உள்ள பாசத்தில் வாய் தடுமாறும். உன் மாமு இருக்கட்டும். சேர்வதென்றால் நீயே போய் அழைத்து வா. பிரிவதென்றால் மஹர் பாக்கியையும் அவள் நகையையும் எண்ணி வைத்துவிட்டுப் பிரி. எதுவானாலும் 14 மாதச் செலவுப் பணம் அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

பெருநாளுக்கு உன் மகளுக்குச் சட்டை எடுத்துக்கொண்டு போனேன். அத்தா அனுப்பினாங்களா என்று கேட்டாள். நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் பெரியத்தா