பழைய புல்லட்டும் சொந்தக் கையும்

அன்புள்ள முரளிக்கு,

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ரெட்டிச்சில் உற்பத்தி நின்றுபோன பிறகும், திருவொற்றியூர் ஆலையில் 350 சிசி புல்லட் பெரிய மாற்றமின்றிப் பல பத்தாண்டுகள் உருவாகி வந்தது. வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். அடிப்படை மாறாததால் ஒரு வண்டியில் பழகிய கை அடுத்த வண்டியிலும் தடுமாறுவதில்லை. புதுப்பேட்டைக் கடைகளில் தேடினால் உதிரி பாகங்களும் கிடைக்கும்.

இந்த வண்டியைத் தானே பழுதுபார்ப்பவருக்குக் கிடைக்கும் முதல் பலன் பணமிச்சம் அன்று, காரணம் புரிவது. கான்டாக்ட் பாயிண்ட் இதற்கு நல்ல சான்று. பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். கேமில் உரசும் ஃபைபர் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். வண்டி இழுக்காது, என்ஜின் சூடேறும். இது தெரியாதவர் கார்புரேட்டரைக் கழற்றுவார். தெரிந்தவர் பாயிண்ட் மூடியைத் திறந்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்பார். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் சந்தேகம் கண்டென்சர் மேல் போக வேண்டும்.

ஹெட்லைட் கூட்டிலுள்ள அம்மீட்டரும் ஒரு கருவிதான். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல மிதித்தால், பாயிண்ட் மூடியிருக்கையில் முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த நிலையில், சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரசரைப் பிடித்து, பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். டைமிங் சரியாக உள்ள வண்டி இதற்கு மறுப்பு சொல்லாது. பிஸ்டனை இப்படித் தாண்டவிடாமல் அரைகுறையாக உதைத்தால், கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம்பார்க்கலாம்.

டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்ய என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்க வேண்டும். புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. கேஜ் தேவையில்லை, விரல்நுனி போதும். இப்படித் தானே வேலை செய்து பழகியவரின் காது, டாப்பெட் சத்தத்தையும் ப்ரைமரி செயின் சத்தத்தையும் ஓட்டத்திலேயே பிரித்தறியும். நெடுவழியில் வண்டி நின்றால் கைகொடுப்பது இந்த அறிவுதான்.

ஒரே சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஓட்டிப் பார்த்து, ஏட்டில் குறிப்பது கட்டாயம். பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் மூன்றையும் ஒரே நாளில் தொட்டால், எது குணமாக்கியது என்பது தெரியாமலே போகும்.

சிலிண்டர் போரிங்கும் கிராங்கின் பிக் எண்ட் வேலையும் லேத் பட்டறைக்கு உரியவை; அவற்றை வீட்டில் முயலக் கூடாது. அன்றாடப் பராமரிப்பு முழுவதும் உரிமையாளரின் கைக்கு எட்டும் வேலையே.

அன்புடன்,
பெரியப்பா