பனி இல்லாத ஊரில் பனித் தடுப்பான்

கேள்வி: ரேடியேட்டரில் உள்ள பச்சைத் தண்ணீரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். கடையில் வாங்கிய கேனில் 'ஆன்டிஃப்ரீஸ்' என்று போட்டிருக்கிறது. பனியே விழாத நம் ஊரில் இது எதற்கு? எங்கிருந்து வந்தது? நானே மாற்றலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: பெயர் குளிர் நாட்டில் வைத்தது, சரக்கு காரைவிட மூத்தது. 1850களில் ஷார்ல் அடால்ஃப் வுர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதன் மூலச் சரக்கான எத்திலீன் கிளைக்காலைத் தயாரித்தார். கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் இடைப்பட்டது என்பதால் இரண்டு பெயரையும் ஒட்டவைத்துக் 'கிளைக்கால்' என்றார். முதல் உலகப் போரில் கிளிசரின் கிடைக்காத ஜெர்மனி, வெடிமருந்துக்கு இதைப் பிடித்துக்கொண்டது.

கார்களுக்கு முதலில் வெறும் தண்ணீர்தான். 1888ல் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கணவரின் வண்டியை ஓட்டிப்போன பெர்த்தா பென்ஸ், தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி ஊற்றிக்கொண்டே போனார். தண்ணீர் ஆவியாகிப் போவதுதான் அன்றைய குளிர்விப்பு. பொறியாளர் மைபாக்கின் தேன்கூட்டு ரேடியேட்டர் 1901 வாக்கில் வந்து அந்தத் தொல்லையைக் குறைத்தது. ஆனால் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து விரிந்து இன்ஜினையே பிளந்துவிடும். மர ஆல்கஹால் கலந்து பார்த்தார்கள். சூடேறினால் அது பறந்துவிடும். 1920களில் அமெரிக்கர்கள் கிளைக்காலுக்கு வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 37 வரை தாங்கும்.

நமக்கு அந்த மைனஸ் கணக்கு வேண்டாம். அதே கலவை 107 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே. கூடவே துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது. நாம் காசு கொடுப்பது இந்த இரண்டுக்கும்தான். மருந்து நாளடைவில் தீர்ந்துபோவதால்தான் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

தாராளமாக நீங்களே மாற்றலாம், சூடான இன்ஜினில் மட்டும் மூடியைத் தொடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். சில மணி நேரம் ஆறவிட்டு, துணி போட்டு மெதுவாகத் திருகுங்கள். அடியில் உள்ள திருகை, அது இல்லாவிட்டால் கீழ் ஹோஸைக் கழற்றி, பழையதை அகலமான தட்டில் பிடியுங்கள். மூடிவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி ஆறியபின் வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதே வேலைதான்.

போர்வெல் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். என் பழைய காருக்கு இரண்டு வருஷம் அதைத்தான் ஊற்றினேன். ரேடியேட்டரைப் பிரித்தபோது, வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே வெள்ளை உப்பு, அதே உப்பு குழாய்களை அடைத்திருந்தது.

கேனில் உள்ள புதிய கூலண்டை மூடி திறந்தபடியே ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும். மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். (சில வண்டிகளில் காற்றை எடுக்கத் தனித் திருகு உண்டு.) கேனில் 'ரெடி மிக்ஸ்' என்றிருந்தால் தண்ணீர் கலக்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம்தான். எந்த வகை என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

வடித்த பழையது தித்திக்கும். தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். குழந்தைக்கும் அதே கதிதான். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே 'விஷம்' என்று எழுதி, பழைய ஆயிலைச் சேர்த்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் இதையும் எடுப்பார்களா என்று கேளுங்கள். குடிநீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.